தூங்கவிட்ட நாய்: ஸ்லீப்பிங் டாக்ஸுக்கு இரண்டாம் பாகம் வராத கதை

2013 மார்ச் 26. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு ஒரு கெட்ட செய்தி சொன்னது. லாபம் வரும் என்று சொல்லி வைத்திருந்த வருஷத்தில், சுமார் 1300 கோடி யென் நிகர நஷ்டம் வரப்போகிறது என்று. தலைவர் யோய்ச்சி வாடா பதவி விலகுவதாக அன்றே அறிவித்தார். காரணமாகக் காட்டப்பட்டவற்றில் முக்கியமானது, மேற்கு நாடுகளில் தயாரான மூன்று பெரிய வீடியோ கேம்கள் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை என்பது. டூம்ப் ரைடர், ஹிட்மேன்: அப்சல்யூஷன், ஸ்லீப்பிங் டாக்ஸ்.

அந்த மூன்றின் கணக்கையும் கம்பெனியே வெளியிட்டது. டூம்ப் ரைடர் 50 முதல் 60 லட்சம் பிரதிகள் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள், விற்றது 34 லட்சம். ஹிட்மேனுக்கு 45 முதல் 50 லட்சம் எதிர்பார்ப்பு, விற்றது 36 லட்சம். ஸ்லீப்பிங் டாக்ஸுக்கு 20 முதல் 25 லட்சம், விற்றது 17.5 லட்சம்.

கொஞ்சம் கால்குலேட்டரை எடுங்கள். குறைந்தபட்ச இலக்கை வைத்துப் பார்த்தால் டூம்ப் ரைடர் 68 சதவீதம், ஹிட்மேன் 80 சதவீதம், ஸ்லீப்பிங் டாக்ஸ் 87.5 சதவீதம். அதாவது மூன்று பேர் ஃபெயில் ஆன பரீட்சையில் பாஸ் மார்க்குக்குக் கிட்டத்தில் வந்தது ஸ்லீப்பிங் டாக்ஸ்தான். (அதிகபட்ச இலக்கை வைத்தால் ஹிட்மேன் ஒரு மயிரிழையில் முந்துகிறது. டூம்ப் ரைடர் அப்போதும் கடைசிதான்.)

இனி பிறகு நடந்ததைப் பாருங்கள். டூம்ப் ரைடருக்கு 2015ல் ஒரு பாகம், 2018ல் இன்னொரு பாகம். ஹிட்மேனுக்கு 2016, 2018, 2021 என்று மூன்று. ஸ்லீப்பிங் டாக்ஸுக்கு? ஒன்றும் இல்லை. அதை உருவாக்கிய கம்பெனியே 2016ல் கதவைச் சாத்திவிட்டது.

நல்லா ஓடாததால் வரவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். மேலே உள்ள கணக்கு அப்படி முடிக்க விடவில்லை. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

ஊர்: வான்கூவர்

2007ல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் யுனைட்டட் ஃபிரண்ட் கேம்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வான்கூவர் வீடியோ கேம் தொழிலுக்குப் பேர் போன ஊர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், ராக்ஸ்டார், ராடிகல் என்று எல்லாருக்கும் அங்கே கூடாரம் இருந்தது. (பள்ளிக்கூடச் சேட்டையை வைத்து 2006ல் வந்த புல்லி கூட அந்த ஊர்ச் சரக்குதான். அதற்கும் இன்றுவரை இரண்டாம் பாகம் கிடையாது. ஊர் ராசி போல!) அங்கெல்லாம் வேலை பார்த்துக் கை தேர்ந்தவர்கள் சேர்ந்ததுதான் இந்தப் புதுக் கம்பெனி.

அவர்கள் கையில் ஒரு யோசனை இருந்தது. ஹாங்காங் சினிமாவை அப்படியே ஒரு கேமாக்க வேண்டும். பெயர் பிளாக் லோட்டஸ். பணம் போட வந்தது ஆக்டிவிஷன். ஆக்டிவிஷன் கையில் ட்ரூ கிரைம் என்று ஒரு பழைய தொடர் இருந்தது. 2003ல் லாஸ் ஏஞ்சல்ஸை வைத்து ஒன்று, 2005ல் நியூயார்க்கை வைத்து ஒன்று. இரண்டாவது விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதோடு தொடர் படுத்துவிட்டது. 'நீங்கள் செய்வதும் போலீஸ் கதை, நகரம் முழுக்கச் சுற்றுகிற கேம், அதனால் இதற்கு ட்ரூ கிரைம் என்றே பெயர் வைப்போம்' என்பது ஆக்டிவிஷனின் கணக்கு. புதுப் பெயரைப் பிரபலப்படுத்துவதை விட, தெரிந்த பெயரைத் தூசி தட்டுவது செலவு குறைவு. 2009 டிசம்பரில் 'ட்ரூ கிரைம்: ஹாங்காங்' என்ற பெயரில் அறிவிப்பு வந்தது.

இங்கே ஆக்டிவிஷனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 2008ல் விவெண்டியின் கேம் பிரிவோடு அது இணைந்தபோது, விவெண்டி கையில் இருந்த பல கேம்களை வேண்டாம் என்று கழற்றிவிட்டது. கோஸ்ட்பஸ்டர்ஸும் புரூட்டல் லெஜண்டும் அப்படிக் கழற்றிவிடப்பட்டவை. முதலீட்டாளர்கள் காரணம் கேட்டபோது கம்பெனித் தலைவர் பாபி கோடிக் ஒளிக்காமலே பதில் சொன்னார். வருஷா வருஷம், எல்லா மெஷினிலும், அடுத்தடுத்த பாகமாகப் போட்டுக் காசாக்க முடியாத எதுவும் எங்களுக்கு வேண்டாம் என்பதுதான் சாரம். கலை ஆர்வலர்களுக்குக் கோபம் வரும், ஆனால் பங்குச் சந்தைக்கு இது இனிப்பான பேச்சு. 2010 நவம்பரில் வந்த கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் ஒன்றரை மாதத்தில் 100 கோடி டாலர் விற்றுக் காட்டியது. அப்படி ஒரு பொன் முட்டை வாத்து வீட்டில் இருக்கும்போது, எங்கோ கனடாவில் செலவு ஏறிக்கொண்டே போகும் ஒரு ஹாங்காங் போலீஸ் கேம் யாருக்கு வேண்டும்?

2011 பிப்ரவரி 9. ஒரே நாளில் ஆக்டிவிஷன் கிடார் ஹீரோ பிரிவையும் மூடியது, ட்ரூ கிரைம்: ஹாங்காங்கையும் ரத்து செய்தது. இந்த வகைக் கேம்களில் முதல் வரிசையில் நின்று போட்டி போடும் அளவுக்கு இது வராது, அதற்கு ஆகும் செலவும் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் தரப்பு. ஆனால் கேம் அப்போது பாதியில் நிற்கவில்லை. ஆரம்பம் முதல் கடைசி வரை விளையாடக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது என்று தயாரித்தவர்களே வெளியில் சொன்னார்கள்.

ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 2011ல், ஸ்கொயர் எனிக்ஸின் லண்டன் அலுவலகம் அதை வெளியிடும் உரிமையை வாங்கியது. ட்ரூ கிரைம் என்ற பெயரை மட்டும் வாங்கவில்லை, அது ஆக்டிவிஷனிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனவே புதுப் பெயர் தேவைப்பட்டது. தூங்குகிற நாயைத் தட்டி எழுப்பாதே என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு இல்லையா, அதிலிருந்து வந்ததுதான் ஸ்லீப்பிங் டாக்ஸ். மாறுவேடத்தில் கும்பலுக்குள் படுத்துக் கிடக்கும் போலீஸ்காரனுக்குப் பொருத்தமான பெயர். ரத்தான பிறகு ஆறு மாதம் படுத்துக் கிடந்த கேமுக்கும் பொருத்தம்தான்.

2012 ஆகஸ்ட் 14ல் அமெரிக்காவிலும், மூன்று நாள் கழித்து ஐரோப்பாவிலும் வெளியானது.

அப்படி என்ன இருந்தது அதில்?

விளையாடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒன்பது பேர் முதலில் சொல்வது சண்டையைத்தான்.

நகரத்தில் சுற்றும் கேம் என்றாலே ஜிடிஏ தொடர் போட்ட பாதைதான். கார் திருடு, துப்பாக்கி எடு, சுடு. ஸ்லீப்பிங் டாக்ஸ் ஹாங்காங்கில் நடக்கிறது. ஹாங்காங்கில் துப்பாக்கி அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அந்த ஒரு உண்மையை கேம் மதித்தது. முதல் பல மணி நேரத்துக்கு உங்கள் கையில் துப்பாக்கியே வராது. கை, கால், கிடைத்தால் ஒரு வெட்டுக்கத்தி. சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள். எவன் அடிக்க வருகிறானோ அவன் உடம்பு சிவப்பாக மின்னும், சரியான நேரத்தில் பட்டனைத் தட்டினால் அவன் கை உங்கள் கையில். அதற்குப் பிறகு இருக்கிறது வேடிக்கை. பிடித்த ஆளை இழுத்துக்கொண்டு போய் மீன் தொட்டிக்குள் முக்கலாம், ஏசி மெஷின் விசிறியில் தலையைக் கொடுக்கலாம், டெலிபோன் கூண்டில் மோதலாம். மார்க்கெட் சண்டையில் வாள்மீன் தலைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஜாக்கி சான் படத்தில் நாற்காலி, ஏணி எல்லாம் சண்டைக்கு வருமே, அதன் இருட்டான வடிவம்.

கார் ஓட்டுவதிலும் ஒரு சினிமாத்தனம். ஓடுகிற காரிலிருந்து கதவைத் திறந்து பக்கத்தில் ஓடுகிற காரின் கூரைக்குத் தாவலாம். நிஜத்தில் முயற்சி செய்யாதீர்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம், நம் ஊர் ஆட்களுக்குத்தான் இது புரியும்: அந்த ஊரில் வண்டி இடது பக்கம் போகும். அமெரிக்க நகரங்களில் கேம் ஆடி ஆடி வலது பக்கத்துக்குப் பழகியவர்களுக்கு இதில் முதல் பத்து நிமிஷத்திலேயே வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

ஆனால் இரண்டாம் பாகம் கேட்கிறவர்கள் சண்டைக்காக மட்டும் கேட்கவில்லை. கேமின் நடுவில் இருக்கும் மார்க் போடும் முறையைக் கவனித்தால் காரணம் புரியும். ஒவ்வொரு மிஷனிலும் உங்களுக்கு இரண்டு மார்க் தனித்தனியாக ஓடும். போலீஸ் மார்க் முழுசாக ஆரம்பிக்கும். பொதுமக்களை இடித்தால், சொத்தைச் சேதப்படுத்தினால் குறைந்துகொண்டே வரும். டிரையட் கும்பல் மார்க் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும், எவ்வளவு கொடூரமாக அடிக்கிறீர்களோ அவ்வளவு ஏறும். ஹீரோ வெய் ஷென் கும்பலுக்குள் ஒளிந்திருக்கும் போலீஸ்காரன். அவன் மனசுக்குள் நடக்கும் இழுபறி அப்படியே ஸ்கோர் போர்டில் ஓடுகிறது. வசனம் எழுதி விளக்குவதை விட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவதாக இன்னொரு மார்க் உண்டு. அதற்குப் பெயரே முகம். சீனர்களிடம் முகம் என்றால் மரியாதை, ஊரில் ஒருவனுக்கு உள்ள மதிப்பு. நம்மிடமும் முகத்தில் கரி பூசுவது, முகம் கொடுத்துப் பேசாதது எல்லாம் உண்டே, அதனால் தமிழ் ஆட்டக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. தெருவில் யாருக்காவது சின்னச் சின்ன உதவி செய்தால் முகம் ஏறும். ஏற ஏறக் கடைக்காரர்கள் விலை குறைப்பார்கள், நல்ல துணிமணி வாங்கலாம்.

நகரமும் வெறும் பின்னணியாக இல்லை. நார்த் பாயிண்ட், சென்ட்ரல், அபர்டீன், கென்னடி டவுன் என்று நாலு வட்டாரம். நிஜ ஹாங்காங்கின் வரைபடத்தோடு தெருவுக்குத் தெரு ஒத்துப்போகாது. ஆனால் இரவுச் சந்தையில் மழை பெய்யும்போது நியான் வெளிச்சம் ரோட்டில் ஓடுவதும், கடைக்காரர்கள் கான்டனீஸில் கத்திக் கூப்பிடுவதும், ஒரே வாக்கியத்தில் பாதி ஆங்கிலம் பாதி கான்டனீஸ் பேசுவதும் அச்சு அசல். (நம் தங்கிலீஷ் மாதிரியேதான்.) குரல் கொடுத்தவர்கள் பட்டியலும் சாதாரணமில்லை. வெய் ஷென்னுக்கு வில் யுன் லீ, கும்பல் தலைவர் அங்கிள் போவுக்கு ஜேம்ஸ் ஹாங், பெண்ட்ரூ என்ற வெள்ளைக்கார மேலதிகாரிக்கு டாம் வில்கின்சன். லூசி லியூவும் எம்மா ஸ்டோனும் கூடச் சின்னச் சின்ன வேடங்களில் உண்டு. ஆசிய முகங்களே கதையின் நடுவில் நின்ற பெரிய பட்ஜெட் கேம், அதுவும் மேற்கில் தயாரானது, அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

(இனி வரும் பத்தியில் கிளைமாக்ஸ் இருக்கிறது. விளையாடாதவர்கள் தாண்டிவிடவும்!)

கதை இன்ஃபெர்னல் அஃபேர்ஸ் பார்த்தவர்களுக்குப் பழகிய பாதைதான். ஹாங்காங்கில் பிறந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் வளர்ந்த வெய், சிறுவயது நண்பன் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு சன் ஆன் யீ கும்பலுக்குள் நுழைகிறான். அவனுடைய தலைவன் வின்ஸ்டன் கல்யாண மேடையிலேயே கொல்லப்படுகிறான், வெய் அந்த இடத்துக்கு ஏறுகிறான். ஏற ஏற, தான் யார் என்பதே அவனுக்குக் குழம்புகிறது. கடைசியில் ஜாக்கியும் போகிறான். வெய்யைக் காட்டிக் கொடுப்பது கும்பல் இல்லை, அவனை அனுப்பிய பெண்ட்ரூவேதான். அந்தப் பெண்ட்ரூவை ஜெயிலுக்கு அனுப்பும் ஆதாரம் வருவதோ கும்பலின் புதுத் தலைவி ஜியாங் கையிலிருந்து. வெய் போலீஸ் என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் விட்டுவிடுகிறாள். கடன் பட்ட போலீஸ்காரன் ஒரு பக்கம், கடன் கொடுத்த டிரையட் தலைவி இன்னொரு பக்கம். அடுத்த பாகத்துக்கு இதைவிட நல்ல வாசல் வேண்டுமா? திறந்து வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

வாசலுக்கு உள்ளே யார் போவது?

போக முயற்சி செய்தார்கள். 2013ல் யுனைட்டட் ஃபிரண்ட் இரண்டாம் பாகத்துக்கான திட்டத்தைத் தயார் செய்தது. 2016 கடைசியில் வைஸ் இதழின் கேம் பிரிவு அந்தத் திட்டத்தைப் பற்றி விரிவாக எழுதியது, அப்போதுதான் வெளி உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. களம் ஹாங்காங்கை விட்டு சீனப் பெருநிலத்தின் பேர்ல் நதி முகத்துவாரத்துக்குப் போகிறது. வெய்யோடு ஹென்ரி ஃபாங் என்று ஒரு லஞ்சப் போலீஸ்காரனும் ஜோடி. தெருவில் போகும் யாரையும் கைது செய்யலாம், எடுக்கும் முடிவைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். கூடவே போனில் விளையாடும் துணைக் கேம், எல்லா ஆட்டக்காரர்களின் விளையாட்டும் ஒன்றை ஒன்று பாதிக்கும் ஆன்லைன் அமைப்பு என்று ஏகப்பட்ட ஆசைகள்.

உண்மையைச் சொன்னால் இந்தத் திட்டத்தில் பாதி அந்த வருஷத்துப் பேஷன். போன் ஆப் இல்லாத பெரிய கேமே இருக்கக்கூடாது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. வந்திருந்தால் அந்த ஆப் பகுதி இரண்டே வருஷத்தில் செத்திருக்கும். ஆனால் கைது செய்யும் அமைப்பும், ஊழல் போலீஸ் ஜோடியும் நல்ல யோசனைகள். முதல் பாகம் தொடாமல் விட்ட போலீஸ் பக்கத்தை அவை தொட்டிருக்கும். அது போனதுதான் வருத்தம்.

2013 முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு நடுவில் செப்டம்பர் 2013ல் ஜிடிஏ 5 வந்து மூன்றே நாளில் 100 கோடி டாலர் விற்றது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகரத்தில் சுற்றும் குற்றக் கதைக்குப் புதிதாகப் பணம் போடுங்கள் என்று அந்த நேரத்தில் எந்த நிதி அதிகாரியிடம் போய்க் கேட்பது?

பதிலாக வந்தது டிரையட் வார்ஸ். 2014ல் அறிவிக்கப்பட்டது. கம்ப்யூட்டரில் மட்டும், இலவசமாக ஆன்லைனில் ஆடலாம். நீங்கள் ஒரு கும்பல் தலைவன், அடுத்தவர் பேட்டையில் புகுந்து அடித்துப் பிடுங்க வேண்டும். அதே ஹாங்காங், அதே சண்டை. ஆனால் வெய் கதை இல்லை. இரண்டாம் பாகம் கேட்டவர்களுக்கு இதைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? பிரியாணி கேட்டவனுக்குக் காலித் தட்டைக் கொடுத்து, அரிசியை நீயே பக்கத்து வீட்டிலிருந்து பிடுங்கிக்கொள் என்ற மாதிரி. சோதனை வெளியீட்டைத் தாண்டவே இல்லை. 2015 டிசம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்து, 2016 ஜனவரி 20ல் சர்வரை அணைத்தார்கள்.

யுனைட்டட் ஃபிரண்ட் இதற்கிடையில் வயிற்றுப்பாட்டுக்குப் பிறர் வேலையும் செய்துகொண்டிருந்தது. டூம்ப் ரைடரின் புது மெஷின் பதிப்பிலும், மைக்ரோசாஃப்டின் ஹேலோ தொகுப்பிலும் அவர்கள் கை உண்டு. 2016 செப்டம்பரில் ஸ்மாஷ் பிளஸ் கிராப் என்று சொந்தமாக ஒரு கேமை அரைகுறை நிலையில் விற்பனைக்கு விட்டார்கள். அடுத்த மாதமே, அக்டோபர் 17ல், கம்பெனி மூடப்பட்டது.

மேஸ்திரியும் மனைக்காரரும்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இலக்குக்குப் பக்கத்தில் வந்த கேமை விட்டுவிட்டு, தள்ளி நின்ற இரண்டுக்கும் ஏன் அடுத்தடுத்த பாகம்?

டூம்ப் ரைடரைச் செய்த கிரிஸ்டல் டைனமிக்ஸும், ஹிட்மேனைச் செய்த ஐஓ இண்டராக்டிவும் ஸ்கொயர் எனிக்ஸின் சொந்தப் பிள்ளைகள். 2009ல் பிரிட்டனின் ஈடோஸ் கம்பெனியை வாங்கியபோது அவர்களும் சேர்ந்தே வந்தார்கள். சொந்த ஸ்டூடியோ என்றால் கேம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதச் சம்பளம் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆட்களைச் சும்மா உட்கார வைக்க முடியாது, அடுத்த வேலை கொடுத்தே ஆக வேண்டும். தெரிந்த பெயரை வைத்து அடுத்த பாகம் என்பதுதான் கண்ணில் படும் முதல் வேலை. மேலும் அந்த இரண்டு பெயர்களும் 1996, 2000 என்று பல வருஷமாகச் சேர்த்து வைத்த சொத்து. இருப்புநிலைக் குறிப்பில் நல்லெண்ணம் என்று ஒரு வரி வருமே, அந்தச் சமாச்சாரம்.

யுனைட்டட் ஃபிரண்ட் அப்படி இல்லை. அது வெளியாள். பணம் போடுகிறவர் மனைக்காரர், இவர்கள் வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி. வீடு எவ்வளவு அழகாக வந்தாலும் பட்டா மனைக்காரர் பெயரில்தான். மேஸ்திரிக்கு அந்த வீட்டின் மேல் மாடி கட்ட ஆசை இருக்கலாம், கட்டத் தெரிந்த ஒரே ஆளும் அவராகவே இருக்கலாம், ஆனால் தீர்மானிப்பது அவர் இல்லை. மனைக்காரருக்கோ மாடி கட்டாவிட்டால் ஒரு பைசா நஷ்டமில்லை.

இன்னொன்றும் உண்டு, இதைப் பல ரசிகர்கள் கவனிப்பதில்லை. ஸ்லீப்பிங் டாக்ஸை உருவாக்க ஆரம்ப வருஷங்களில் செலவு செய்தது ஆக்டிவிஷன். ஸ்கொயர் எனிக்ஸ் வந்து சேர்ந்தது கடைசிக் கட்டத்தில். அஸ்திவாரம், சுவர், கூரை எல்லாம் முடிந்து, பூச்சு வேலை நடக்கும்போது வாங்கிய வீடு. அதனால்தான் 20 லட்சம் பிரதி என்ற சின்ன இலக்கு போதும் என்று தோன்றியது. இரண்டாம் பாகத்துக்கு அப்படி ஒரு ஆக்டிவிஷன் கிடையாது. முதல் செங்கலிலிருந்து ஸ்கொயர் எனிக்ஸே போட வேண்டும். அப்போது 20 லட்சம் விற்றால் போதாது, அதைப் போல இன்னும் பல மடங்கு வேண்டும். முதல் பாகம் மலிவாகக் கிடைத்ததே இரண்டாம் பாகத்துக்கு எமனாகிவிட்டது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். இங்கே உழுதவன் ஒருவன், விதைக்குப் பணம் போட்டவன் இன்னொருவன், அறுத்தவன் மூன்றாமவன்.

உரிமை யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹிட்மேனே சாட்சி. 2017ல் ஸ்கொயர் எனிக்ஸ் ஐஓ இண்டராக்டிவையும் கைகழுவ முடிவு செய்தது. ஆனால் அங்கே நிர்வாகத்தில் இருந்தவர்களே கம்பெனியை வாங்கிக்கொண்டு தனியாகப் போனார்கள், ஹிட்மேன் உரிமையும் கூடவே போனது. 2018லும் 2021லும் வந்த பாகங்கள் அப்படிப் பிறந்தவை. இதே ஏற்பாடு யுனைட்டட் ஃபிரண்டுக்குக் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இருக்காது.

ஹாங்காங்கிலேயே நடக்கும் இன்னொரு கேமும் ஞாபகம் வருகிறது. செகாவின் ஷென்மூ 2. 2001ல் வந்து, கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனது. ரசிகர்கள் 18 வருஷம் காத்திருந்தார்கள். கடைசியில் அதை உருவாக்கிய யு சுசுகியே செகாவிடம் அனுமதி வாங்கி, 2015ல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் கேட்டார். 69 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 63 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2019ல் ஷென்மூ 3 வந்தது. கேம் சுமார்தான் என்பது வேறு விஷயம். ஆனால் அங்கே கேட்பதற்கு ஒரு முகம் இருந்தது, உரிமை வைத்திருந்தவர்களும் சரி என்றார்கள். ஸ்லீப்பிங் டாக்ஸுக்கு அப்படி ஒரு தனி முகம் கிடையாது. ஒரு ஊரில் இருந்த ஒரு கூட்டம் செய்த வேலை அது, அந்தக் கூட்டம் 2016லேயே கலைந்துவிட்டது.

2014 அக்டோபரில் புது மெஷின்களுக்காக வந்த டெஃபினிட்டிவ் எடிஷன்தான் கடைசி வரவு. 2016ல் அதற்கு மேக் பதிப்பும் வந்தது. 2022ல் ஸ்கொயர் எனிக்ஸ் தன் மேற்கத்திய ஸ்டூடியோக்களை டூம்ப் ரைடர், டியூஸ் எக்ஸ், தீஃப் முதலிய பெயர்களோடு சேர்த்து 30 கோடி டாலருக்கு எம்பிரேசர் கம்பெனியிடம் விற்றது. அந்த விற்பனை அறிவிப்பில் சொல்லப்பட்ட பெயர்களில் ஸ்லீப்பிங் டாக்ஸ் இல்லை. விற்கும்போது கூட யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை!

சினிமாக்காரர்கள்தான் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2017ல் டோனி யென் வெய் ஷென்னாக நடிக்கப் படம் வரும் என்று செய்தி வந்தது. ஹாங்காங் சண்டைப் படங்களைப் பார்த்துச் செய்த கேமில் ஹாங்காங் சண்டை நட்சத்திரமே நடிப்பது என்றால் ரசிகர்கள் விடுவார்களா, ஒரே கொண்டாட்டம். வருஷங்கள் ஓடின. 2025 ஆரம்பத்தில் ஒரு பேட்டியில், அந்தப் படம் கைவிடப்பட்டது என்று யென்னே சொல்லிவிட்டார். அதே மாதத்தில் சாங்-சி படத்தின் நாயகன் சிமு லியூ, உரிமை வைத்திருப்பவர்களோடு பேசி இதைத் திரைக்குக் கொண்டுவர முயற்சி செய்வதாக எழுதினார். கேமின் இரண்டாம் பாகத்தைப் பற்றி ஸ்கொயர் எனிக்ஸ் இன்னும் வாய் திறக்கவில்லை.